மெஷினைக் கழற்றிய பிறகு எந்த மொழியில் பேசுவீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காது கேளாத குழந்தைகளுக்கான காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்செவிக்குள் மின்முனைகளை வைத்துச் செவி நரம்பைத் தூண்டும் கருவி) பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதைக் கண்டித்து அடுத்த வாரம் காது கேளாத வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். கட்டுரை அந்தக் கருவியை அதிசயம் என்கிறது. கடிதம் அதை இன அழிப்பு என்கிறது. எனக்கு இரண்டு பக்கமும் வேண்டியவர்கள்தான். அந்தக் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளுக்கு அதை இயக்கி, அளவு வைத்து, கேட்கப் பழக்குவது என் தொழில். நான் பிறந்து வளர்ந்ததோ காது கேளாத தாய் தந்தையிடம். தம்பிக்கும் காது கேட்காது. வீட்டில் கேட்டது எனக்கு மட்டும்தான். எங்கள் வீட்டுச் சிறுபான்மை நான். சைகை மொழிதான் என் தாய்மொழி. பேச்சை அத்தையும் அண்டை வீட்டாரும் கற்றுக் கொடுத்தார்கள்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கருவியை முதன்முதலாக இயக்கியதும் குழந்தை சிரிப்பதைப் பெரிதாகப் போட்டு, "அம்மாவின் குரலை முதன்முறையாகக் கேட்ட நொடி" என்று கீழே எழுதியிருந்தீர்கள். இப்படிப்பட்ட காணொளிகள் உலகெங்கும் சுற்றுகின்றன. அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் நான். அங்கே நடப்பது வேறு.

அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களில், புண் ஆறிய பின் குழந்தையை அழைத்து வருவார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு காந்தம் இருக்கும். வெளியே மாட்டும், காயில் (coil) எனப்படும் வட்ட வடிவக் கம்பிச்சுருள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். நான் கணினியில் மின்முனைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவேன். குழந்தைக்கு ஒரு வயது, "கேட்கிறதா?" என்று அதனிடம் கேட்க முடியாது. அதனால் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாட்டில் குடித்துக்கொண்டிருந்தால் உறிஞ்சுவது ஒரு கணம் நிற்கும். இமை படபடக்கும். கையிலிருந்த பொம்மை அசையாமல் நிற்கும். பிறகு பெரும்பாலும் அழுகைதான். தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காயிலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓவென்று அழும். அழுதால் எனக்கு நிம்மதி: நரம்பு வேலை செய்கிறது, ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் தந்தையின் முகம்தான் வாடிப்போகும். காணொளியில் பார்த்தது போல ஏன் நடக்கவில்லை என்று என்னைக் கேட்பார்கள்.

அந்தக் குழந்தைக்கு அது அம்மாவின் குரல் என்று தெரியாது; குரல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இயல்பான காதில் ஒலியை நரம்புக்குக் கொண்டு சேர்க்கும் உள் மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 3,500 உண்டு. அவை இயங்காத குழந்தைக்கு நாம் வைப்பது, நத்தை ஓடு போலச் சுருண்ட செவிச்சுருளுக்குள் 12 முதல் 22 வரையிலான மின்முனைகள். பேச்சைப் பிரித்தறிய அவ்வளவு போதும் என்பது உண்மையிலேயே பெரிய சாதனை. 1957இல் பாரிஸில் ஜுர்னோ, எய்ரியே என்ற இருவர் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்ததிலிருந்து, 1960களில் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ், 1970களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க், வியன்னாவில் இங்கபோர்க் ஹோக்மெயர் என்று பலர் இதில் வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறார்கள். 2013இல் கிளார்க், ஹோக்மெயர், பிளேக் வில்சன் மூவருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தபோது எங்கள் துறையில் எல்லாருக்கும் பெருமைதான். ஆனால் கருவி தருவது மின் துடிப்புகளை மட்டுமே. அவற்றை மூளை பேச்சாக்கிக்கொள்ள மாதங்கள், வருடங்கள் பயிற்சி வேண்டும். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைத் தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு சொல்லி, குழந்தை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். "ஸ்" கேட்காத நாளில் என்ன பழுது என்று தேட வேண்டும். இந்த வருடங்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி வந்தது. சிரிப்புக்கு அரைப் பக்கம்.

இனி, கடிதம் எழுதிய வாசகரின் கோபத்துக்கு வருகிறேன். அதைப் படித்துப் பலர் முகம் சுளித்திருப்பார்கள். "காது கேட்க வைப்பதில் என்ன இன அழிப்பு? நன்றி கெட்ட பேச்சு" என்று என்னுடன் வேலை செய்பவர் ஒருவரே சொன்னார். எங்கள் வீட்டில் வளர்ந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

என் அப்பா படித்த பள்ளியில் சைகைக்குத் தடை. வகுப்பில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆசிரியையின் தொண்டையில் விரலை வைத்து அதிர்வை உணர்ந்து, அதே அதிர்வைத் தன் தொண்டையில் உண்டாக்கிக் காட்ட வேண்டும். ஒரு வருடம் முழுக்க "ம" என்ற ஒலிக்கே போனது என்பார். இன்றும் அப்பாவுக்கு "ம" மிகச் சுத்தமாக வரும். அந்த ஒரு வருடத்தில் கணக்கு, சரித்திரம், உலகப்படம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அதையெல்லாம் விடுதி அறையில் இரவு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு பெரிய மாணவர்கள் சைகையில் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் படித்த பள்ளிக்கூடம் உண்மையில் அந்த விடுதி அறைதான்.

இது ஒரு பள்ளியின் கிறுக்குத்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வாய்மொழியே உயர்ந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள், தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் கைகள் கட்டுண்டன. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் தாய்க்கும் மனைவிக்கும் காது கேட்காது. அவரே 1883இல், காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணந்துகொள்வதால் காது கேளாத ஒரு மனித இனமே உருவாகிவிடும் என்று எச்சரித்துக் கட்டுரை படித்தார். 1933இல் நாஜி ஜெர்மனி இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் பட்டியலில் பரம்பரைக் காது கேளாமையும் இருந்தது. மிலான் தீர்மானங்களுக்கு அந்தக் கல்வி மாநாடு வருத்தம் தெரிவித்தது 2010இல், வான்கூவரில். 130 ஆண்டுகள்!

இந்த வரலாற்றைச் சுமந்துகொண்டிருக்கும் சமூகத்திடம் 1990இல் ஒரு செய்தி வருகிறது: இரண்டு வயதுக் குழந்தைக்கும் இனி காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. காது கேளாதோரிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. அடுத்த ஆண்டே அந்நாட்டின் தேசியக் காது கேளாதோர் சங்கம் அந்த முடிவை வன்மையாகக் கண்டித்து அறிக்கை விட்டது. "எங்களைச் சரிசெய்வதற்கு இது இன்னொரு வழி" என்று அவர்கள் நினைத்ததில் எனக்கு வியப்பில்லை. இதற்கு முப்பது ஆண்டுகள் முன்புதான், 1960இல், வில்லியம் ஸ்டோக்கோ என்ற பேராசிரியர் அமெரிக்கச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, அது முழுமையான மொழி என்று எழுதினார். அதுவரை மொழியியலாளர்கள் கூட அதைக் கையாட்டம் என்றே எண்ணியிருந்தார்கள். ஒரு மொழி மொழிதான் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்ட சூடு ஆறுவதற்குள், அதைப் பேசப் போகும் குழந்தைகளை வேறு பக்கம் அழைத்துப் போகும் கருவி வந்துவிட்டது. உங்கள் கட்டுரையில் இவை எதுவும் இல்லாததால்தான் அந்த வாசகரின் கோபம் காரணமற்றது போலத் தெரிகிறது.

ஆனாலும் அவர் சொல்லும் தீர்வு எனக்கு ஏற்பில்லை. "குழந்தை வளர்ந்து பதினெட்டு வயதில் தானே முடிவு செய்யட்டும்" என்கிறார். கேட்க நியாயமாக இருக்கிறது. உடல் அவ்வளவு நாள் காத்திருக்காது. பிறவியிலேயே கேளாத குழந்தையின் மூளையில் ஒலிக்கான பகுதி, மூன்றரை வயதுக்குள் தூண்டப்பட்டால் ஏறக்குறைய இயல்பாக வளர்கிறது என்பதும், ஏழு வயதைத் தாண்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்பதும் மூளை அலைகளை அளந்து கண்டது. எதுவும் கேட்காமலேயே வளர்ந்து பதினெட்டில் கருவி வைத்துக்கொள்பவருக்குக் கதவு தட்டுவதும் வண்டி வருவதும் கேட்கும். பேச்சு பெரும்பாலும் இரைச்சலாகவே இருக்கும். அப்படி வந்து, சில மாதங்களில் மெஷினை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். எனவே "காத்திருப்போம்" என்பதும் குழந்தைக்காகப் பெரியவர்கள் எடுக்கும் முடிவுதான். "வேண்டாம்" என்பதை நாசூக்காகச் சொல்வது அது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லலாம். அதற்கும் ஒரு நியாயம் உண்டு.

அந்த வாதம் எங்கள் கூடத்திலேயே நடந்தது. தம்பி மனைவிக்கும் காது கேட்காது. அவர்களுடைய பெண் பிறந்தபோது, ஒலிக்குச் செவி நரம்பு பதில் தருகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையில் இரண்டு காதிலும் பதில் இல்லை. அப்பா சந்தோஷப்பட்டார். காது கேட்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்: "நம்மைப் போலவே" என்று குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். குறை வந்துவிட்டது என்ற எண்ணமே அந்த அறையில் யாருக்கும் வரவில்லை. கருவி வைக்கலாமா என்று தம்பி கேட்டபோதுதான் அப்பாவின் முகம் மாறியது. "இவளிடம் என்ன சரியில்லை? என்னிடம் என்ன சரியில்லை?" என்று கேட்டார். பள்ளி, வேலை என்று தம்பி ஏதேதோ காரணம் சொன்னான். அப்பா எல்லாவற்றையும் தட்டிக்கழித்தார். கடைசியில் தம்பி மனைவி எழுந்து நடுவில் வந்து நின்று (சைகையில் வாதாடும்போது எல்லாருடைய கண்ணிலும் பட வேண்டும்) சொன்னதை அப்படியே தருகிறேன்: "சைகை என்னிடம் இருக்கிறது, அதை நான் கொடுப்பேன். பேச்சு என்னிடம் இல்லை, அதை அண்ணி கொடுக்கட்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்கிறாள் என்று அப்புறம் பார்ப்போம்." அப்பா பதில் சொல்லவில்லை. மாடி ஏறிப் போய்விட்டார்.

ஒரு வயதைத் தாண்டியதும் அறுவை சிகிச்சை நடந்தது. காது கேளாதோர் சங்கத்தில் சில நண்பர்கள் தம்பி வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஒருவர் "உங்கள் பெண் உங்களுக்கு அந்நியளாகப் போகிறாள்" என்று எழுதியே அனுப்பினார். அவர்களுடைய பயம் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். அப்படி அந்நியமாகிப் போன பிள்ளைகள் உண்டு.

இங்கே என் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தக் கட்டுரையிலும் இது வருவதில்லை. கருவிக்கு அளவு வைக்கும்போது ஒவ்வொரு மின்முனைக்கும் இரண்டு எல்லைகள் வேண்டும்: எந்த அளவில் கேட்கத் தொடங்குகிறது, எந்த அளவுக்கு மேல் தாங்காது. மொழியே இல்லாத இரண்டு வயதுக் குழந்தையிடம் இந்த மேல் எல்லையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதிகமாக வைத்துவிட்டால் குழந்தை மெஷினைப் பார்த்தாலே ஓடும். குறைவாக வைத்தால் "ஸ்"ஸும் "ஷ்"ஷும் கேட்காது. தம்பி பெண்ணுக்கு அறுவை சிகிச்சைக்கு முன்பே பால், விளக்கு, நாய், இன்னும் வேண்டும் என்று சைகைச் சொற்கள் இருந்தன. இரண்டு வயதில் அவள் என் எதிரே உட்கார்ந்து, நான் மின்னோட்டத்தை ஏற்ற ஏற்ற, "இருக்கிறது", "இருக்கிறது", "பெரிசு", "போதும்" என்று கையால் சொல்லிக்கொண்டே வந்தாள். "வலிக்கிறது" என்று ஒருமுறை சொன்னாள். பார்த்தால் ஒரு மின்முனை முக நரம்பைத் தூண்டிக்கொண்டிருந்தது. அந்த மின்முனையை அப்போதே அணைத்தேன். சைகை தெரியாத குழந்தையாக இருந்திருந்தால் காரணம் புரியாமல் அழுதுகொண்டே இருந்திருக்கும், நாங்களும் அழுகையைச் சமாதானம் செய்துகொண்டே இருந்திருப்போம்.

ஆகவே என் தரப்பு இதுதான். கருவி வைப்பதா வேண்டாமா என்பது ஒரு கேள்வி. குழந்தைக்கு இன்றைக்கு, இந்த வாரமே, எந்த மொழி கிடைக்கும் என்பது வேறு கேள்வி. உங்கள் கட்டுரை முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டு இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக நினைக்கிறது. கடிதம் எழுதியவரும் இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்புகிறார்.

காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். எங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் குறைவு. அந்தப் பெற்றோர் என்னிடம் வரும்போது அநேகமாக எல்லாரும் ஒரே அறிவுரையோடு வருகிறார்கள்: "சைகை காட்டாதீர்கள். காட்டினால் சோம்பேறியாகிவிடுவான், பேச வராது." பெயர் சொல்ல விரும்பாத ஒரு மையத்தில், குழந்தை எதையாவது சுட்டிக்காட்டினால் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும் என்று தாய்க்குப் பயிற்சியே கொடுத்திருந்தார்கள். அந்தத் தாய் அதை என் முன்னே செய்துகாட்டினாள். பையன் ஜன்னலில் உட்கார்ந்திருந்த பறவையைக் காட்ட விரலை நீட்டினான். அவள் புன்னகை மாறாமல், பழக்கப்பட்ட லாகவத்தோடு, அந்த விரலை மடக்கிக் கீழே வைத்தாள். அவன் மறுபடி நீட்டவில்லை. அப்போது அவனுக்கு நான்கு வயது. செவி நரம்பு மிக மெலிந்திருந்ததால் கருவியால் அவனுக்குப் பெரிய பலன் இல்லை. இதைப் பரிசோதனைப் படத்திலேயே ஊகித்திருக்கலாம். பேச்சு வரவில்லை. சைகை தரவில்லை. இப்போது வளர்ந்த பையன், தன் பெயரை எழுதுவான். நேற்று என்ன நடந்தது, நாளை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் அதைச் சொல்ல அவனிடம் மொழி கிடையாது. காது கேளாமையை நான் சோகமாகப் பார்ப்பவள் இல்லை. இதைச் சோகம் என்றுதான் சொல்வேன், அதுவும் மனிதர்கள் உண்டாக்கியது.

"சைகை பேச்சைக் கெடுக்கும் என்று ஆய்வே இருக்கிறதே" என்று என் துறையினர் சொல்வார்கள் என்று தெரியும். 2017இல் ஒரு குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வைக் காட்டுவார்கள். கருவி வைத்த 97 குழந்தைகளில், சைகை பயன்படுத்தாத குடும்பங்களின் குழந்தைகள் பேச்சிலும் வாசிப்பிலும் முன்னே இருந்ததாக அது சொல்லியது. நானும் படித்தேன். அதில் "சைகை" என்று எண்ணப்பட்டவற்றில், பேசிக்கொண்டே இடையிடையே சில சைகைகளைச் சேர்ப்பதும் அடக்கம்; முழுமையான சைகை மொழியைத் தனியே பிரித்துப் பார்க்கவில்லை. பேச்சு நன்றாக வரும் பிள்ளைகளின் வீட்டில் சைகை தானாகவே நின்றுவிடும், வராதவர்களின் வீட்டில் தொடரும்; அப்படியிருக்க எது காரணம், எது விளைவு என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விகளை அப்போதே பலர் எழுப்பினார்கள். இன்னொரு பக்கம், காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, பிறப்பு முதல் சைகை மொழி அறிந்து, கருவியும் வைத்துக்கொண்ட குழந்தைகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களின் ஆங்கிலப் பேச்சு, அதே போன்ற வீடுகளில் வளர்ந்த காது கேட்கும் குழந்தைகளுக்கு ஈடாக இருந்தது. ஐந்தே குழந்தைகளை வைத்துச் செய்தது என்பதால் அதைப் பெரிதாக ஊதிக் காட்ட மாட்டேன். சைகை தெரிந்ததால் அந்த ஐவரின் பேச்சு கெட்டுப்போகவில்லை என்பது வரைக்கும் சொல்லலாம்.

காது கேட்கும் பெற்றோர் சொல்லும் இன்னொரு தடை: "எங்களுக்கே தெரியாத மொழியை எப்படிக் கற்றுக்கொடுப்பது?" நியாயமான பயம். அமெரிக்காவில் 2021இல் வெளியான ஓர் ஆய்வு, காது கேட்கும் பெற்றோர் தாங்களே கற்றுக்கொண்டிருக்கும் நிலையிலும், ஆறு மாதத்துக்குள் சைகை மொழி கிடைத்த குழந்தைகளின் சொல்வளம் வயதுக்கேற்ப வளர்ந்ததைக் காட்டியது. குழந்தைக்குச் சொல்ல வேண்டியதை அதற்கு ஒரு வாரம் முன்னால் நாம் கற்றிருந்தால் போதும் என்று நான் அவர்களிடம் சொல்வேன். கூடவே காது கேளாத பெரியவர் ஒருவரை அந்த வீட்டுக்கு அறிமுகப்படுத்துவேன். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கும் தாய் தந்தையரில் பெரும்பாலோர், வளர்ந்து, வேலை பார்த்து, பிள்ளை குட்டியோடு, கோபதாபத்தோடு வாழும் காது கேளாத ஒருவரை அதுவரை நேரில் கண்டிருக்கவே மாட்டார்கள். என் அம்மாவை ஒன்றிரண்டு முறை அழைத்துப் போயிருக்கிறேன். அவர் போய் ஆறுதல் எல்லாம் சொல்ல மாட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போய் வெளியே தெரிவதையெல்லாம் சைகையில் சொல்லத் தொடங்கிவிடுவார். குழந்தை அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்காது.

கருவி நன்றாக வேலை செய்யும் குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள், அதை எப்போதெல்லாம் கழற்றுகிறோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். தூங்கும்போது கழற்றுகிறோம். பெரும்பாலும் குளிக்கும்போதும் நீந்தும்போதும் கழற்றுகிறோம். பேட்டரி தீர்ந்துவிடும், கம்பி அறுந்துவிடும், பிளாஸ்டிக் சறுக்கு மரத்தில் ஏறினால் உண்டாகும் நிலைமின்சாரம் பழைய கருவிகளின் அளவுகளையே அழித்துவிடும். உள்ளே வைத்த பகுதி பழுதானால் மறுபடி அறுவை சிகிச்சை. அதற்குக் காத்திருக்கும் வாரங்கள். காய்ச்சலில் நடு இரவு எழுந்து அழும் குழந்தைக்கு, தலையில் எதுவும் மாட்டாமல், எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். மெஷின் ஓடும்போது அந்தக் குழந்தை கேட்கும் குழந்தை. கழற்றினால் காது கேளாத குழந்தை. இரண்டும் ஒரே குழந்தைதானே? இரைச்சலான வகுப்பறையில், பலர் ஒரே நேரத்தில் பேசும் விருந்தில், மெஷின் தலையில் இருந்தும் பாதி கிடைக்காது என்பதும் உண்டு.

தம்பி பெண் இப்போது பள்ளியில் நன்றாகவே பேசுகிறாள். எங்களைவிட வேகமாகச் சைகையும் செய்கிறாள். படிக்க உட்காரும்போது மெஷினைக் கழற்றி வைத்துவிடுவாள், அந்த நிம்மதி எனக்குக் கிடையாது. யாராவது திட்ட வாயைத் திறந்தாலும் கழற்றிவிடுவாள். திட்டு சைகையில் தொடர்ந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அப்பா மாடியிலிருந்து எப்போதோ இறங்கி வந்துவிட்டார். கருவி விஷயத்தில் மனம் மாறிவிட்டாரா என்றால் இல்லை. "நீங்கள் வைத்தது தவறு, அவள் நன்றாக வந்தது அவள் கெட்டிக்காரத்தனம்" என்கிறார். இருக்கட்டும்.

காது கேளாதோர் சமூகமும் 1991இல் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. அதே அமெரிக்கச் சங்கம் 2000இல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி எழுதியது: பெற்றோரின் உரிமையை மதிக்கிறோம், கருவி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்பவைக்காதீர்கள், சைகை மொழியைக் கைவிடாதீர்கள். இன்று சைகை மொழியில் நடக்கும் கூட்டங்களுக்குப் போனால் காதுக்குப் பின்னால் காயில் ஒட்டியவர்கள் பலரைப் பார்க்கலாம். அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு வீட்டில் கழற்றுகிறவர்கள், முழுக்க நிறுத்திவிட்டவர்கள், குளிக்கப் போகும்வரை கழற்றாதவர்கள் எல்லாரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தம், மொழி என்பதற்கான விளக்கத்திலேயே சைகை மொழிகளைச் சேர்த்திருக்கிறது. சைகை மொழி கற்க வழிசெய்வது அரசுகளின் கடமை என்கிறது. என் துறையைச் சேர்ந்த பலர் இன்னும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

அடுத்த சண்டையும் வாசலில் நிற்கிறது. ஓடோஃப் என்ற மரபணுவின் குறையால் காது கேளாமல் பிறந்த குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, ஆறு பேரில் ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் வந்ததாகச் சீன ஆய்வாளர்கள் 2024இல் அறிவித்தார்கள். ஒரு வகைக் காது கேளாமைக்கு மட்டும்தான் இது. அதற்கும் "அதிசயம்" என்ற தலைப்பு உங்கள் அச்சகத்தில் தயாராக இருக்கும். போடுவதற்கு முன் காது கேளாதவர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கட்டுரையோடு வந்த "பெற்றோர் கவனத்துக்கு" என்ற கட்டத்தில் விடுபட்ட இரண்டு விஷயங்களையாவது அடுத்த இதழில் வெளியிடுங்கள். கருவி வைத்த குழந்தைகளுக்கு மூளையுறைக் காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) வரும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். நிமோகாக்கல் தடுப்பூசியை அறுவை சிகிச்சைக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். உள்ளே காந்தம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முதலில் கருவியின் பெயரையும் மாடலையும் சொல்ல வேண்டும். அந்த அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். கட்டுரைக்காக நீங்கள் அறுவை சிகிச்சை நிபுணர்கள் மூவரைப் பேட்டி கண்டிருக்கிறீர்கள். கருவியோடு வளர்ந்து இப்போது இருபது, முப்பது வயதில் இருப்பவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கட்டணம் வேண்டாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம். என்னிடம் வரும் குடும்பங்கள் இந்தக் கடிதத்தில் தங்களைத் தேடத் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர்